போலீஸார் மலை ஏறினால்...

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் மெதனால் கலந்த கள்ளச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதே மாதம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தும் மசோதா நிறைவேறியது. இனி கள்ளச் சாராயத்தால் சாவு நேர்ந்தால், ஆயுள் தண்டனை! அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. வழக்கையும் அந்த நவம்பரில் ஐகோர்ட்டு சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

காய்ச்சியவனைத் தண்டிக்கட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் கல்வராயன் மலையில் சாராய வேட்டை நடக்கும்போது, ஊறல் பானைக்குப் பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்தவரும் அகப்படலாம் அல்லவா?

"என்னை ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று அவர் கேட்கலாம். காரணம் தெரிவிக்காத கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வீட்டாருக்குத் தகவல் தரவேண்டும். வக்கீலைக் கலந்து பேச உரிமை உண்டு. ஏழைக்கு இலவச வக்கீல் கிடைப்பார். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தவேண்டும். (கோர்ட்டுக்குப் போகும் பயண நேரம் இதில் சேராது. மலைவாசிகள் கவனிக்கவேண்டிய விஷயம்!)

அடிக்குப் பயந்து, "நான்தான் காய்ச்சினேன்" என்று போலீஸாரிடம் சொல்லிவிட்டால்? அது கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. ஆனால், "பானையை இன்ன இடத்தில் புதைத்தேன்" என்று சொல்லி, அங்கே பானையும் அகப்பட்டுவிட்டால், அந்தப் பேச்சு மட்டும் சாட்சியம் ஆகும்.