காகித வரியும் கிளாட்ஸ்டனும்

1852-க்கும் 1882-க்கும் இடையே நான்கு தடவை பிரிட்டனின் பொக்கிஷ மந்திரியாயிருந்தவர் கிளாட்ஸ்டன். பிரதம மந்திரிப் பதவியும் நான்கு தடவை வகித்தார். 1860-ல் காகித வரியை நீக்க அவர் முற்பட்டபோது பிரபுக்கள் சபை மறுத்தது. மலிவுப் பத்திரிகைகள் பெருகுமே என்ற அச்சமும் அம்மறுப்பில் கலந்திருந்தது. மறு வருஷம் நிதி ஏற்பாடுகள் அனைத்தையும் ஒரே மசோதாவாகக் கோத்து அனுப்பினார். முழுவதையும் ஏற்க வேண்டும், அல்லது முழுவதையும் தள்ள வேண்டும். பிரபுக்கள் இணங்கினர், வரி ஒழிந்தது.

1878-ல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு இட்டதைக் காமன்ஸ் சபையில் கண்டித்தவரும் இவரே. ஆயினும் 1882-ல் இவர் ஆட்சி எகிப்தின்மீது படையெடுத்தபோது, செலவில் ஒரு பங்கு இந்தியாவின் தலையில் விழுந்தது.

தம் வீட்டுக் கணக்கில் காசுக்குக் காசு பார்த்தவர், அயல்வீட்டுப் பணத்திலும் அவ்வாறே பார்த்திருக்க வேண்டாமா என்றே நாம் கேட்கிறோம்.