விதையிலிருந்தே தொடங்கலாமே!

நர்சரியில் பூத்துக் குலுங்கும் கொடியைப் பையோடு வாங்கிவந்து பால்கனியில் வைப்பது நகரத்து வழக்கமாகிவிட்டது. ரங்கூன் மல்லி போன்றவற்றுக்கு அது சரி. சங்குப்பூவுக்கும் மயில் மாணிக்கத்துக்கும் காசு கொடுப்பதுதான் வியப்பு. சங்குப்பூ வேலியோரம் தானாகவே படர்வது. அதன் காய் முற்றிக் காய்ந்தால் முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும். வெடிப்பதற்குள் பழுப்பு நிறக் காய்கள் நாலைந்தைப் பறித்து வைத்தால் ஒரு தெருவுக்கே போதும்.

"போட்டேன், முளைக்கவில்லை" என்று கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் விதையின் தோலைக் கவனிக்காதவர்கள். சங்குப்பூ அவரை இனம். விதைத்தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் பார்த்தால் சில விதைகள் பருத்திருக்கும், சில கல்லாகவே கிடக்கும். கல்லாகக் கிடப்பவற்றை இன்னொரு முறை தேய்த்து ஊறவைத்தால் அவற்றிலும் பல வழிக்கு வரும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் ஒன்றிரண்டு வாரங்களில் முளை தெரியும்.

அதுவரை வீட்டுக்குள் இருப்பதே நல்லது. குளிர்நாட்டுத் தோட்டக் குறிப்புகள் விதையை வீட்டுக்குள் போடச் சொல்வது உறைபனிக்குப் பயந்து. கடைசிப் பனி விழும் நாளைக் கணக்கிட்டு, தட்டுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு போடுவார்கள். அதை அப்படியே சென்னைக்குச் சொல்லும் வீடியோக்களும் இருக்கின்றன! இங்கே வெப்பத்துக்கு என்ன பஞ்சம்? எறும்பு, அணில், கொட்டும் மழை, மத்தியான வெயில்: இவற்றிடமிருந்து பத்து நாள் காப்பாற்றத்தான் ஜன்னலோரம். முளைத்த மறுநாளே காலை வெயில் படும் இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்டு வெளிச்சம் தேடி வெளிறி நீண்டு துவளும். மண் ஈரமாக இருக்கும்போதே மேலும் மேலும் ஊற்றினால் நாற்றழுகல் வந்து, தண்டு அடியில் கறுத்துச் சாயும்.

வேரைக் கலைத்தால் சங்குப்பூவுக்குப் பிடிக்காது. செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த கிண்ணத்தில் விதைத்தால், நான்கைந்து இலை விட்டதும் கிண்ணத்தோடு தொட்டியில் இறக்கலாம். ஒரு கயிறு கட்டிவிட்டால் போதும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும். பூவை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும்; எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகும். அமிலமும் காரமும் பாடம் நடத்த இதைவிட மலிவான பொருள் கிடைக்குமா?

ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தைகள் பலரும் பள்ளியில் 'அசகாவோ' (மார்னிங் குளோரி) கொடியை விதை போட்டு வளர்க்கிறார்கள். ஆளுக்கொரு தொட்டி. கோடை விடுமுறையில் அதை வீட்டுக்குத் தூக்கிப்போய், இலையையும் பூவையும் படம் வரைந்து குறிப்பெழுதுவார்கள். டோக்கியோவின் இரியா பகுதியில் ஜூலை 6 முதல் 8 வரை அந்தப் பூவுக்கென்றே சந்தை கூடுகிறது.

தமிழ்நாட்டிலும் பிள்ளைகளுக்குச் சங்குப்பூ விதை கொடுக்கலாம். இங்கே பள்ளி திறப்பது ஜூன் மாதம். விதைக்கத் தோதான பருவம், செலவு கிட்டத்தட்ட இல்லை. மாநில மலரான செங்காந்தளைக் கொடுக்கலாமே என்று யாராவது கிளம்பக்கூடும். வேண்டாம். அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. விதையிலிருந்து பூக்கவும் சில ஆண்டுகள் ஆகும். சங்குப்பூ விதையையும் வாயில் போடக் கூடாது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறை அடுத்த ஜூனில் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு சங்குப்பூ விதைகள் தரட்டும். ஆணை வரும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி வேலியைப் பார்த்தாலே விதை கிடைத்துவிடும்.