பூங்கண்டு வைக்கிறதுக்கும் புலமைப்பரிசிலா?

அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் நூதனசாலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே வளர்ந்துவரும் நிலத்தோற்ற வடிவமைப்பாளர்களுக்கு மேடர்-யோர்க் குடும்பத்தின் பெயரில் ஒரு வதிவிடப் புலமைப்பரிசில் உண்டு. தெரிவாகிறவர் நூதனசாலையிலேயே தங்கலாம். நிலத்தைப் பற்றி யோசிக்கலாம், வாசிக்கலாம், வரையலாம். இதைக் கேள்விப்பட்டதும் எங்கட ஆக்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள். "பூங்கண்டு வைக்கிறதுக்கும் புலமைப்பரிசிலா?" என்று கேட்பார்கள். அந்தச் சிரிப்போடுதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். 1903இல் திறக்கப்பட்ட நூதனசாலை அது. வெனிஸ் மாளிகைகளின் சாயலில் கட்டிய கட்டடம், நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட முற்றம். 1924இல் இறந்துபோன கார்ட்னர் அம்மையார் தன்னுடைய உயிலில் கடுமையான ஒரு நிபந்தனை வைத்தார்: வைத்தது வைத்தபடியே இருக்கவேணும். 1990இல் 13 கலைப்பொருட்கள் களவு போயின. அந்த ஓவியங்களின் வெறும் சட்டங்கள் இன்றைக்கும் அதே சுவரில் தொங்குகின்றன. ஒரு கதிரையைக்கூட இடம் மாத்தத் தயங்குகிற அந்தக் கட்டடத்துக்குள் பருவத்துக்குப் பருவம் மாறுகிற ஒரே ஒரு பொருள் முற்றத்துச் செடிகள்தான். ஓவியத்தைப் பூட்டி வைக்கலாம். தோட்டத்தைப் பூட்டி வைக்க ஏலாது, ஒவ்வொரு நாளும் ஆரோ ஒருவர் முடிவெடுத்தால்தான் அது உயிரோடு இருக்கும். அந்த முடிவெடுக்கிறதைப் படிப்பாக, கலையாக மதிச்சு ஒரு அறை கொடுக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கு?

அந்த நூதனசாலைக்கு வெளியே வந்தால் ஃபென்ஸ் என்ற பூங்கா. இதை 1880களில் உருவாக்கியவர் ஃபிரெடெரிக் லோ ஓல்ம்ஸ்டெட். இன்றைக்குச் சனம் காத்து வாங்கப் போகிற இடம் அது. அதற்கு முதல் அது கடல் ஏறி இறங்குகிற சேத்துநிலம், நகரத்தின் கழிவுநீர் வந்து தேங்கி நாறின இடம். ஓல்ம்ஸ்டெட் அங்கே பூ வைக்கப் போகவில்லை. வெள்ளமும் கழிவும் எங்கே போகும் என்று தீர்மானிக்கத்தான் போனார். உப்புநீர்ச் சதுப்பு ஒன்றையே செய்து காட்டினார். 1910இல் சார்ள்ஸ் ஆற்றில் அணை கட்டினார்கள். கடல்நீர் வரத்து நின்று சதுப்பு நன்னீராக மாற, அவர் வைத்த செடிகளுக்கு அங்கே இடமில்லாமல் போனது. நிலத்தோற்றம் என்பது இதுதான்: தண்ணி எந்தப் பக்கம் ஓடும், ஆர் எங்கே நடக்கலாம், எது சாகும் எது தப்பும் என்பது பற்றிய முடிவு. அழகு அதற்குப் பிறகு வருகிற சங்கதி.

இப்ப எங்கட பக்கம் வருவம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிற மாரித் தண்ணிதான் கிணத்துக்கு வருகிறது. அந்தத் தண்ணியைப் பிடிச்சு நிலத்துக்குள் இறக்குகிற வேலையைச் செய்பவை குளங்கள். ஆனால் குளத்தைப் புனரமைக்கிறது என்றால் நாங்கள் கண்ணால் காண்கிறது என்ன? கரையைச் சுத்திக் கல் பதிப்பார்கள், கலர் லைற் போடுவார்கள், செல்ஃபி எடுக்க ஒரு பெயர்ப்பலகை நடுவார்கள். தண்ணி எங்கேயிருந்து வருகிறது, வாய்க்கால் இன்னும் திறந்திருக்கா, அடைச்ச வாய்க்காலுக்கு மேலே ஆருடைய மதில் நிக்குது என்று கேட்க அங்கே ஒருவரும் இருப்பதில்லை. பூங்கண்டுக்குப் புலமைப்பரிசிலா என்று சிரிக்கிற அதே வாய்தான் மழைக்கு ரோட்டில் வெள்ளம் நின்றால் திட்டும்.

"இதெல்லாம் பணக்கார நாட்டுச் சொகுசு. எங்களுக்கு முதலில் சோறு வேணும், வேலை வேணும்" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். சோறும் வேலையும் வேணும், அதில் வாதமில்லை. ஆனால் நிலத்தை வடிவமைக்கிற வேலை காசு வரும்வரைக்கும் காத்துக்கொண்டு நிற்காது. அது எப்பவும் நடந்துகொண்டுதான் இருக்கு. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த சனத்தின் காணிகளில் முள்ளுக்கம்பி போட்டதும் ஒரு வடிவமைப்புத்தான். வீடும் வேலியும் இல்லாமல் போன காணிக்குத் திரும்பினவர்கள் கிணத்தை வைத்துத் தங்கட எல்லையைத் தேடவேண்டி வந்ததே, அது அந்த வடிவமைப்பின் விளைவு. இராணுவம் வடிவமைக்கும், ஒப்பந்தகாரர் வடிவமைப்பார், காசு கொடுக்கிற வெளிநாட்டு நிறுவனம் வடிவமைக்கும். எல்லாரும் செய்கிற வேலையை, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் யோசித்துச் செய்தால் மட்டும் அது எப்படிச் சொகுசாகும்?

இவ்வளவும் சொன்னதால் பொஸ்டனில் செய்வதை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் புலமைப்பரிசிலோடும் எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கு. ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த முற்றத்து மாடங்களிலிருந்து நஸ்டர்சியம் கொடிகள் செம்மஞ்சள் பூவோடு நீளமாகத் தொங்கும். சில கிழமைக் காட்சிக்காக முந்தின வருசமே விதை போட்டு, பனிக்காலம் முழுக்கப் பசுமைக்குடிலில் வைத்துப் பராமரிக்கிறார்கள் தோட்ட வேலையாட்கள். அவர்களுக்குச் சம்பளம் இருக்கும். ஆனால் 'யோசிக்க நேரமும் தங்க அறையும்' என்ற இந்தப் பரிசு வடிவமைப்பாளர் என்று பெயர் எடுத்தவருக்கானது. வரைகிறவர் கலைஞர், தண்ணி ஊத்துகிறவர் வேலையாள் என்ற பிரிப்பு அதற்குள்ளேயே இருக்கு.

இந்தப் பிரிப்பை எதிர்த்த ஒருவர் அந்த நூதனசாலையிலிருந்து சில நிமிட நடைத்தூரத்தில்தான் வேலை செய்தார் என்பது வேடிக்கை. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1917இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போய், 1947இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். இலங்கையில் கனிய ஆய்வுக்காக ஊர் ஊராகத் திரிந்த காலத்தில்தான் கைவினைஞர்களின் வேலையையும் அது அழிந்துபோகிற விதத்தையும் கண்டார். 1908இல் வந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூல் அந்தக் கைவினைஞர்களைப் பற்றியதுதான். கலைஞன் வேறு, கைவினைஞன் வேறு என்று பிரிப்பது நவீன காலத்தின் கோளாறு என்பது அவருடைய வாதம். நிலத்தைக் காலால் நடந்து பார்த்தவருக்கு அந்த வாதம் வந்ததில் எங்களுக்கு ஆச்சரியமில்லை.

ஆகவே எங்கட கோரிக்கை இது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக்கலைக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாவலர் வீதியில் தொல்பொருள் நூதனசாலை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வதிவிடத் திட்டம் வரவேணும். ஒரு ஆளுக்கு அல்ல, இரண்டு ஆளுக்கு: படிச்சு முடிச்ச ஒரு இளம் வடிவமைப்பாளரும், தோட்டம் செய்கிற அல்லது குளம் வாய்க்கால் தெரிந்த ஒருவரும். இரண்டு பேருக்கும் ஒரே அளவு காசு, முடிவில் இரண்டு பேருடைய பெயரும். காலம் மூன்று மாதம் காணாது. கோடையில் வெடிச்ச நிலத்தையும் கார்த்திகை மழையில் நிரம்பின நிலத்தையும் பார்க்காதவர் குடாநாட்டைப் பற்றி ஒரு கோடும் கீறக்கூடாது. விண்ணப்பம் தமிழில் இருக்கவேணும். வடிவான படங்கள் அடுக்கின கோப்பு கேட்கத் தேவையில்லை. "உங்கட ஊரில் மழைத்தண்ணி எந்த வழியால் போகுது?" என்ற ஒரு கேள்வி போதும்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதேங்கோ. ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், எந்தக் குளம் எப்ப தூர்ந்தது, ஆர் தூர்த்தது, அதற்கு முதல் அதற்கு என்ன பெயர் என்று அம்மம்மாக்களிடம் கேட்டு எழுதுகிற வேலை எங்களுடையது. அதற்குப் புலமைப்பரிசில் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்த மாரிக்கே தொடங்கலாம்.