‘பாட்டு ஜாஸ்தி’ என்கிற குற்றச்சாட்டு

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் ஒரு கும்பிடு போடுகிறார்கள். நாடக உலகின் இமயமலை, தமிழ் நாடகத் தலைமையாசிரியர், தவத்திரு என்று பட்டங்கள் வரிசையாக வரும். அடுத்த பத்தியிலேயே கத்தி வெளியே வந்துவிடும். அவர் நாடகங்களில் பாட்டு அதிகம், வசனம் குறைவு, பிறகு பம்மல் சம்பந்த முதலியார் உரைநடையைக் கொண்டுவந்து நாடகத்தை நவீனமாக்கினார் என்று எழுதி முடித்துவிடுவார்கள். பள்ளிப் பாடத்திலிருந்து ஆய்வேடு வரைக்கும் இதே கதைதான்.

எனக்கு ஒரு சந்தேகம். வெர்டியிடம் போய் யாராவது, “ஐயா, உங்க நாடகத்துல பாட்டு ஜாஸ்தி, கொஞ்சம் குறைச்சுக்குங்க”ன்னு சொல்லியிருப்பாங்களா? சொன்னால் சிரிப்பார்கள். அது ஆப்பரா, பாட்டுதான் அதன் உடம்பு என்பார்கள். அந்த ஒரு சொல் நம்மாளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவருடைய உடம்பே அவருக்கு நோய் என்றாகிவிட்டது.

நான் தூத்துக்குடிக்காரன். சுவாமிகள் 1867-இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊர்ப் பாசத்தில் பேசுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஆனால் இந்தக் கரைக்கும் ஆப்பராவுக்கும் இன்னொரு உறவும் இருக்கிறது.

சுவாமிகள் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1863 செப்டம்பர் 30 அன்று, பாரிஸில் ஒரு ஆப்பரா அரங்கேறியது. பெயர் ‘முத்துக் குளிப்பவர்கள்’. இசையமைத்த பிஸேவுக்கு அப்போது 24 வயது. கதை நடக்கும் இடம் இலங்கை, அதாவது எங்கள் மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரை. கதை எழுதிய இருவரும் முதலில் மெக்சிகோவைத்தான் நினைத்திருந்தார்கள், பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். பாத்திரங்களின் பெயர்களைப் பாருங்கள்: லெய்லா, நாதிர், ஸுர்கா. முக்காடு போட்ட பூசாரிப் பெண் பாறைமேல் நின்று பாட, அந்தப் பாட்டு கடலில் இறங்கியவர்களைக் காக்கிறது. எங்கள் கரையில் உண்மையாகவே இப்படி ஒரு வேலை இருந்தது. மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுகிறவருக்குக் கடல்கட்டி என்று பெயர். இவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி போனதை மார்க்கோ போலோவே எழுதிவைத்திருக்கிறார். பாரிஸ்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததற்கு அந்த நாடகத்தில் அடையாளமே இல்லை. இருந்தாலும் உலகம் அதை இன்றும் மேடையேற்றுகிறது. கதை பலவீனம், பாட்டு அபாரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தப் பெருந்தன்மையில் கால்வாசி போதும் நமக்கு.

சுவாமிகளின் வாழ்க்கையைப் பார்ப்போம். தமிழை அப்பாவிடமும், பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடமும் கற்றார். தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24 வயதில் கணக்கு நோட்டை மூடிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பம்மல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அதே 1891-ஐ ஒட்டித்தான். சுவாமிகள் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று குரல் வேண்டிய வேஷங்களைக் கட்டினார். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் லயம் பயின்றார். பிறகு கம்பெனி கம்பெனியாக வாத்தியார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தது அங்கேதான். பிறகு பக்கவாதம் வந்து பேச்சும் கையும் காலும் முடங்கின. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார்.

நாடக வாத்தியார் என்றால் என்ன வேலை? கதையைப் பாட்டாக எழுத வேண்டும். மெட்டு அமைக்க வேண்டும். எழுத்தே தெரியாத பையனுக்கும் வாயால் பாடிப் பாடிப் பாடம் ஏற்ற வேண்டும். கோரஸைச் சேர்த்து நிறுத்த வேண்டும், தாளம் தப்பினால் பிடிக்க வேண்டும், அபிநயம் சொல்லித்தர வேண்டும். ஐரோப்பிய ஆப்பரா கம்பெனியில் ஐந்தாறு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதை இவர் ஒற்றை ஆளாகச் செய்தார். நாம் சொல்லிக்கொண்டிருப்பதோ வேறு. ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதினார், எமன் வேஷத்தைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது, இவைதான் கதைகள். அதிசயம் சொல்வது சுலபம். ஒரு வேலையை வேலையாக விளக்குவதற்குத்தான் காது வேண்டும்.

வசனமும் நடுநடுவே வருகிறதே, அப்புறம் எப்படி ஆப்பரா என்று கேட்பார்கள். அதே பிஸேயின் ‘கார்மென்’ 1875-இல் அரங்கேறியபோது பாட்டுகளுக்கு நடுவே பேச்சு இருந்தது. மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழ’லிலும் உண்டு. சுவாமிகளின் அமைப்பு இவற்றுக்குக் குறைந்ததல்ல. தாளமில்லாத விருத்தத்தில் பாத்திரம் மனதைத் திறக்கும். தாளத்தோடு வரும் கீர்த்தனையில் அது நிலைகொள்ளும். இடையே சிந்து வரும், கும்மி வரும், பார்சி மெட்டு வரும். ‘வள்ளி திருமண’த்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது பாட்டுக்குப் பாட்டு பதில். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் அந்தத் தர்க்கம் வரட்டும் என்று நடுராத்திரி தாண்டிக் காத்திருக்கிற கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாரதர் ஒரு இடம் தடுமாறினால் இவர்கள் தொடையில் தாளம் நின்றுவிடும். ரசிகர்கள் என்றால் இவர்கள்தான்.

அந்த வடிவத்தில் காலத்துக்கும் இடம் இருந்தது. விஸ்வநாததாஸ் அதே ‘வள்ளி திருமணம்’ மேடையில் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடிச் சிறைக்குப் போனார். நாவிதர் சாதி என்பதால் அவருடன் நடிக்க மறுத்தவர்கள் உண்டு. 1940-இன் கடைசி இரவில் முருகன் வேஷத்திலேயே மேடையில் உயிர்விட்டார். பாட்டு நாடகம் பழமை என்று எழுதுகிறவர்கள் இதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நட்சத்திரப் பாடகர்கள் வந்ததும் கதை நின்றுபோய், நாடகம் கச்சேரியானது உண்மை. இத்தாலியிலும் அது நடந்தது. அங்கே பாடகர்களைத் திட்டினார்கள், பாட்டைத் திட்டவில்லை. பாய்ஸ் கம்பெனி விஷயம் இன்னும் கனமானது. ஏழை வீட்டுப் பிள்ளைகளை வீட்டை விட்டுப் பிரித்து, அடித்துப் பாடம் சொன்ன காலம் அது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பையனின் பிழைப்பும் உடைந்தது. இதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் சிறுவர்களைக் காயடித்துப் பாடவைத்த ஐரோப்பாவில், அதைக் கொடுமை என்றும் சொல்கிறார்கள், ஹாண்டெலின் இசையையும் காப்பாற்றுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய நமக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

காரணம் கலையில் இல்லை. சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் படித்தவர்கள், வக்கீல்கள், வயிற்றுக்காக நடிக்காதவர்கள். சுவாமிகளின் பிள்ளைகள் வயிற்றுக்காகப் பாடினார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் கூத்தாடி. உரைநடை வென்றது என்று நாம் எழுதிவைத்திருப்பதில் பாதி, கௌரவம் வென்ற கதை.

தோற்றதாகச் சொல்லப்படும் நாடகம் செத்துவிடவும் இல்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் இன்னும் நடக்கிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விடிய விடிய நாடகம் ஓடுகிறது. எந்த ஆப்பரா அரங்கத்திலும் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம் ஊர்க் கலை விமர்சகர் பபூன் ஜோக்கைக் கேட்டு முகம் சுளித்துவிட்டுப் பத்து மணிக்கே எழுந்து போய்விடுகிறார். விருத்தம் அதற்கப்புறம்தான் வரும், சார்.

சுவாமிகள் பெயரில் நடிகர் சங்கத்தில் கலையரங்கம் இருந்தது, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. நல்லது. பெயர் கல்லில் பத்திரமாக இருக்கிறது, பாட்டு எங்கே இருக்கிறது? அச்சுப் புத்தகத்தில் ராகம், தாளம் என்று இரண்டு சொல் இருக்கும், அல்லது இன்ன பாட்டின் மெட்டு என்று இருக்கும். அந்த இன்ன பாட்டையே இன்று யாருக்கும் தெரியாது. மெட்டு மிச்சமிருப்பது வயதான நடிகர்களின் தொண்டையில் மட்டும்தான். இமயமலை என்று இன்னொரு கட்டுரை எழுதப்போகிறவர்கள் அதற்கு முன்பு அவர்களில் ஒருவர் முன்னால் போய் உட்காருங்கள். பாடச் சொல்லுங்கள், பதிவுசெய்யுங்கள், ஸ்வரப்படுத்துங்கள், பாடகருக்கு உரிய சன்மானத்தை மறக்காமல் கொடுங்கள். பாட்டு ஜாஸ்தியா கம்மியா என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.