தெருப் பேச்சு தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்

என் தங்கை பெருந்துறை ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சியில் குடியிருக்கிறாள். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபைக்குப் போய், விளக்கு எரியாத கம்பத்தையும் தண்ணீர்த் தொட்டி கழுவாததையும் எழுந்து நின்று சொல்கிறாள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது, கீழே கையெழுத்தும் போட்டு வருகிறாள். உடனே எல்லாம் நடந்துவிடுகிறது என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த சபையில் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "இது என்னாச்சுங்க?" என்று கேட்க அவளுக்கு ஒரு பிடி இருக்கிறது. சில மைல் தள்ளி பெருந்துறை டவுனுக்குள் இருக்கும் எனக்கு அந்தப் பிடி இல்லை.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தெருச் சங்கதி பேசாமல் போவதில்லை. "ஏனுங்க்கா, உங்க பக்கம் தண்ணி வந்துச்சுங்களா?" என்றுதான் பேச்சே தொடங்கும். கொஞ்ச காலத்துக்கு முன்பு, தெருக்கோடி வீடுகளுக்குத் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது என்று புகார். மேலே திறந்துவிடுகிறவரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து பேசியபோதுதான் காரணம் புரிந்தது. தெரு முனையில் சில வீடுகளில் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். அதனால் முன்வீட்டுத் தொட்டி நிரம்பி வழிய, கடைசி வீட்டில் குடம் நிறையவில்லை. முதல் அரை மணி நேரம் யாரும் மோட்டார் போடக் கூடாது என்று எங்களுக்குள்ளேயே பேசி முடித்தோம். கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் பெரும்பாலும் அந்தப் பேச்சு நிற்கிறது.

தெருவோடு முடிகிற விஷயத்தை இப்படிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சாக்கடை மட்டம் சரியில்லாமல் மூன்று தெருக் கழிவுநீர் ஒரே இடத்தில் தேங்குவதை யார் திண்ணையில் தீர்ப்பது? பொறியாளர் வந்து பார்க்க வேண்டும், மதிப்பீடு போட வேண்டும், மன்றத்தில் பணம் ஒதுக்க வேண்டும். அதற்குத் தெருவின் குரல் அங்கே எழுத்தாகப் போக வேண்டும். தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுகிறோம், கும்பிடு பொம்மை போடுகிறோம். மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது போய்விடுகிறது.

அரசியல் சட்டம் 74-வது திருத்தத்தின் மூலம் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது 3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான். கிராமத்துக்குக் கிராம சபை, பெரிய நகரத்துக்கு வார்டு குழு, நடுவில் இருக்கும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு எதுவும் இல்லாமல் இருந்தது. தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் விதிகள் வகுத்து வார்டு குழுவையும் பகுதி சபையையும் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று கூட்டங்கள் தொடங்கின. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோரையும் உறுப்பினர்களாக வைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் என் திண்ணைக்கு வருகிறவர்களிடம் பகுதி சபை தெரியுமா என்று கேட்டால், "அது என்னுங்க?" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தேதியும் நேரமும் இடமும் வீட்டுக்கு வந்து சேராத கூட்டத்தை யாருக்குத் தெரியும்?

இப்போது பகுதி சபை அவசரத் தேவையாகவும் ஆகிவிட்டது. பெருந்துறை, கருமாண்டிசெல்லிபாளையம் பேரூராட்சிகளை இணைத்து நகராட்சி ஆக்குவதாக 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. நகராட்சி என்றதும் முதலில் எழும் பேச்சு வீட்டு வரி. 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கே 25 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம் ஏறியது. வரி கட்ட எனக்கு மனக்குறை இல்லை. குப்பை அள்ளுகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஆனால் கட்டுகிற பணத்தில் எங்கள் பகுதிக்கு எது முதலில், எது பிறகு என்று எங்களைக் கேட்க வேண்டும்.

இந்த ஊர் வளர்ந்த வேகத்தையும் பார்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரி, தோப்புப்பாளையத்தில் பொறியியல் கல்லூரி, சேலம்-கொச்சி தேசிய நெடுஞ்சாலை, 2,700 ஏக்கருக்குக் கிட்ட சிப்காட் தொழிற்பேட்டை. வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளில் நிறைந்திருக்கிறார்கள். நான்கு பேருக்குக் கட்டிய கழிப்பறையைப் பத்துப் பேர் பயன்படுத்தினால் செப்டிக் டேங்க் நிரம்பத்தான் செய்யும், குப்பை கூடத்தான் செய்யும். "வடக்கத்திக்காரங்க வந்து ஊரே நாறுது" என்று பேசுவது எளிது. வாடகை வாங்குகிற நம்மவர்கள் கட்டிடத்துக்கு ஏற்ற தொட்டி கட்டவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. அந்த வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, ஆகவே சபையில் உறுப்பினரும் இல்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொன்னவரும் இல்லை. ஓட்டுரிமை இல்லாவிட்டாலும் குடியிருக்கிறவர் வந்து பேச இடம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

"கூட்டம் போட்டா கட்சிச் சண்டைதானுங்க வரும்" என்கிறார் பக்கத்து மளிகைக்கடை அண்ணன். வரும்தான். ஆனால் சேர்ந்து பேசியதால் இந்தப் பகுதி என்ன பெற்றது என்பது அவருக்கும் தெரியும். பெருந்துறை சிப்காட்டில் கோகோ கோலா ஆலைக்கு 71 ஏக்கர் ஒதுக்கியபோது, காவிரித் தண்ணீர் குளிர்பானத்துக்குப் போவதா என்று விவசாயிகளும் ஊர் மக்களும் கட்சி பாராமல் எதிர்த்தார்கள். 2015 ஏப்ரலில் அந்த ஒதுக்கீட்டை சிப்காட்டே ரத்து செய்தது. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை வேறு விதம். பாசனத்துக்கென்று நொய்யலில் 1992-ல் திறந்த அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்வதற்குள் நிலமும் கிணறும் கெட்டுப்போயிருந்தன. கெடுவதற்கு முன்பே கேட்கிற ஏற்பாடு வேண்டும். சிப்காட்டைச் சுற்றி இருப்பவர்கள் போர் தண்ணீரைப் பற்றிப் பேசுவது வெறும் புலம்பல் இல்லை. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்று இந்தியத் தர அளவு சொல்கிறது. எங்கள் தெருத் தண்ணீர் அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பரிசோதித்து, சபையில் வாசித்துக் காட்டினால் என்ன?

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் மில்லுக்குப் போகிற பெண் வர முடியாது, இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஞாயிறு மாலை வையுங்கள். ஒரு வாரம் முன்பே குப்பை வண்டி ஒலிபெருக்கியில் தேதியைச் சொல்லுங்கள், அது எல்லா வீட்டு வாசலுக்கும் வருகிறது. தீர்மான நகலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். போன கூட்டத்துத் தீர்மானங்கள் என்ன ஆயின என்று வாசித்த பிறகே புதியதைத் தொடங்குங்கள்.

எங்கள் தெருவில் மூன்று விஷயங்களை எழுதி வைத்திருக்கிறோம்: சாக்கடை மட்டம், தண்ணீர்ப் பரிசோதனை, லைன் வீடுகளுக்குத் தொட்டி அளவு. மூன்றாவதில் வீட்டுக்காரர்கள் சிலர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள். அவர்களும் சபைக்கு வந்து, ஏன் முடியாது என்று எல்லோர் முன்பும் சொல்லட்டும்.