மொரினியா, ஸ்டெயரா... முதல்ல பிள்ளையோட கையைப் பாருங்க!

2024 ஜூலை 28, பாரிஸ் ஒலிம்பிக். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார் மனு பாக்கர். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித் கலந்துகொண்ட படங்கள் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றி வந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

இதெல்லாம் சேர்ந்து சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளுக்குள்ளும் ஒரு ஆசையைக் கொண்டுவந்திருக்கிறது. "அப்பா, நானும் ஷூட்டிங் சேரட்டுமா?" என்று பிள்ளை கேட்கிறது. அப்பா சம்மதித்துவிட்டால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: "எந்த பிஸ்டல் வாங்கலாம்?"

கேள்வியில் தப்பில்லை, அது வரும் நேரம்தான் தப்பு. போட்டித் தரத்தில் இருக்கும் ஏர் பிஸ்டல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. சுவிட்சர்லாந்தின் மொரினி, ஆஸ்திரியாவின் ஸ்டெயர், இத்தாலியின் பார்டினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். இங்கே வந்து சேரும்போது விலை லட்சங்களில் நிற்கும். இரண்டு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். முட்டை ஒன்று ஐந்து ரூபாய் என்றால், நாமக்கல் கணக்கில் அது 40,000 முட்டை. ஆறு மாதத்தில் பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டால் அத்தனையும் அலமாரியில் தூங்கும்.

லைசென்ஸ் வேண்டுமா?

கொல்லிமலை, சேர்வராயன் மலை ஓரத்தில் வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி என்றாலே உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியும் போலீஸ் எச்சரிக்கையும்தான் நினைவுக்கு வரும். அதனால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது லைசென்ஸ் பற்றித்தான். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோதான் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. போட்டி ஏர் பிஸ்டலின் விட்டம் சரியாக 4.5 மி.மீ.; ஆற்றலோ அந்த வரம்புக்கு ரொம்பக் கீழே. 25 மீட்டர் பிரிவில் சுடும் .22 பிஸ்டல் வேறு கதை. அதற்கு முறையான ஆயுத உரிமம் வேண்டும், அதைப் பெறப் பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

உரிமம் தேவையில்லை என்பதற்காக ஏர் பிஸ்டலை விளையாட்டுப் பொருளாக நினைத்துவிடக் கூடாது. பார்க்க நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். பூட்டிய பெட்டி, வாங்கிய பில், கிளப் அடையாள அட்டை இந்த மூன்றும் இல்லாமல் பஸ் ஏறாமல் இருப்பதே நல்லது.

கைக்கு ஏத்த கட்டை

இப்போது அந்த "எந்த பிஸ்டல்" கேள்விக்கு வருவோம். செல்போன் வாங்கும்போது பார்க்கிற மாதிரி கம்பெனிப் பெயரைப் பார்த்து இதை வாங்க முடியாது. 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., அதாவது ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டத்தில் ஏறக்குறைய பாதி. அதை நோக்கி ஒரே கையால், எந்தத் தாங்கலும் இல்லாமல், 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். சுமார் ஒரு கிலோ இரும்பை நீட்டிய கையில் பிடித்து அறுபது முறை தூக்கி இறக்குவது எப்படி இருக்கும் என்று, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து அப்பாவே ஒருதரம் முயன்று பார்க்கலாம்.

இந்தச் சுமையில் மணிக்கட்டு துளி திரும்பினாலும் குண்டு எட்டுக்கோ ஏழுக்கோ போய்விடும். அதனால் பிஸ்டலில் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடிக் கட்டையை. சின்ன அளவு, நடு அளவு, பெரிய அளவு, வலது கை, இடது கை என்று கட்டைகள் தனித்தனியாக வரும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குண்டு போடாத பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையை இலக்குக்கு நேரே உயர்த்த வேண்டும். கண்ணைத் திறக்கும்போது முன் குறியும் பின் குறியும் தானாகவே ஒரே கோட்டில் நின்றால் கட்டை பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக விலகினால் கட்டையைச் சரிசெய்ய வேண்டும். மரப்பூச்சு அப்புவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் இந்த விளையாட்டில் சகஜம். லாரி பாடி கட்டும் ஊரில் மரவேலைக்குக் கை பழகியவர்களுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் எங்கே தேய்க்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும்.

வளரும் பிள்ளையின் கை ஒரே வருஷத்தில் மாறிவிடும். பன்னிரண்டு வயதில் கச்சிதமாக இருந்த கட்டை பதினாலு வயதில் இறுக்கும். முதல் நாளே சொந்த பிஸ்டல் வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் 1,500 கிராம் வரை இருக்கலாம். அது உச்சவரம்பு மட்டுமே, அவ்வளவு கனம் இருந்தாக வேண்டும் என்றில்லை. சின்னப் பிள்ளைகளுக்கென்றே குழல் குட்டையான, எடை குறைந்த மாடல்கள் இருக்கின்றன.

அடுத்து டிரிக்கர். குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன் எடைக்கல் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக் என இரண்டு வகை. எலெக்ட்ரானிக் மெத்தென்று விடுபடும், ஆனால் அதற்கு பேட்டரியும் சர்க்யூட்டும் உண்டு. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது. சரிசெய்து திரும்பி வருவதற்குள் முக்கியமான நிமிடங்கள் போய்விட்டன. 575 புள்ளிகள், 12-வது இடம். இறுதிச் சுற்றுக்குப் போவது முதல் எட்டுப் பேர்தான். பக்கத்தில் இந்திய அணியின் பயிற்சியாளர்கள் இருந்தபோதே இந்தக் கதி என்றால், ராசிபுரத்துப் பையனின் பிஸ்டல் மாநிலப் போட்டிக்கு முந்தின வாரம் மக்கர் பண்ணினால் யாரிடம் போவான்? எந்த மாடலுக்கு உதிரிபாகமும் ரிப்பேர் பார்க்கும் ஆளும் பக்கத்தில் கிடைக்கிறதோ, அதுவே நல்ல மாடல். தொடக்கக்காரருக்கு மெக்கானிக்கல் டிரிக்கர் தாராளமாகப் போதும்.

காற்றடிப்பதையும் மறக்கக் கூடாது. சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். லாரி டயருக்கு எட்டு பார் அளவுக்குத்தான் காற்று பிடிப்பார்கள், பஞ்சர் கடை கம்ப்ரசர் இதற்கு உதவாது. தனி பம்போ, பெரிய காற்று சிலிண்டரோ வேண்டும். குண்டுச் செலவு வேறு இருக்கிறது. தினம் நூறு சுட்டால் 500 குண்டு டப்பா ஐந்தே நாளில் காலி.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைக் கட்டாயம் பார்க்கணும். தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து வருஷம்தான் ஆயுள் தருகிறார்கள். தேதி தாண்டிய சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் பொறுப்பு சுடுகிறவருடையதுதான். "பளபளன்னு இருக்கே" என்று ஏமாந்துவிட்டு, பிறகு புது சிலிண்டருக்குத் தனியாக அழுவதில் பிரயோஜனமில்லை.

ஆக, முதல் ஆறு மாதமாவது கிளப் துப்பாக்கியில் சுடட்டும். கிளப்பில் பொதுத் துப்பாக்கி இல்லை, "சொந்தமா வாங்கிட்டு வாங்க" என்று முதல் நாளே சொன்னால், அந்த கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பள்ளிகளும் இதில் இறங்கலாம். விடுதி, கோச்சிங் என்று பெயர் வாங்கிய நாமக்கல் மாவட்டப் பள்ளிகளில் கட்டணம் கொஞ்சநஞ்சமல்ல. 10 மீட்டர் ரேஞ்சுக்கு மைதானம்கூட வேண்டாம். நீளமான ஒரு அறையும் குண்டு திரும்பி வராத தடுப்பும் தகுதியான பயிற்சியாளரும் போதும். கைப்பிடிக் கட்டையைக் கழற்றி மாட்டுவது ஒரு திருகாணி வேலை. ஒரே மாடலில் இரண்டு பிஸ்டலும், இடது கைக்கு ஒன்று உட்பட மூன்று நான்கு அளவுக் கட்டைகளும் வாங்கிவைத்தால், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் முறை வைத்துப் பழகலாம். அப்பாக்கள் இரண்டு லட்சத்தை எண்ணி வைப்பதை அந்தப் பத்துப் பேரில் யார் தொடர்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.