பெரியப்பாவோட ரிவால்வருக்கு முலாம் வேண்டாம்

போன எம்.பி. தேர்தல் முடிஞ்சு ஸ்டேஷன்ல இருந்து பெரியப்பாவோட ரிவால்வரைத் திருப்பி வாங்கிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து தோல் உறையில இருந்து உருவினா, குழலோட ஒரு பக்கம் செம்மண் தூவின மாதிரி துரு. தேர்தல் அறிவிச்சா லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்றது வழக்கம்தான். தப்பு வாங்கி வச்சவங்க மேல இல்ல. ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போடாம உறையோட சுருட்டிக் குடுத்தது நாங்க. தோலைப் பதப்படுத்தும்போது அதுல தங்குற உப்பும் அமிலமும் கொஞ்சம் ஈரம் பட்டாலே இரும்பைத் தின்ன ஆரம்பிச்சிடும்.

அன்னைக்கே தல்லாகுளம் வீட்டுல பஞ்சாயத்து. துப்பாக்கி தாத்தா வாங்கினது, பர்மிங்காம்ல செஞ்ச வெப்ளி. பெரியப்பாவுக்கு நிக்கல் முலாம் போட்டு பளபளன்னு பாக்கணும். பெங்களூர்ல வேலை பாக்குற அண்ணன் செராகோட்தான் அடிக்கணும்ங்கறார், அதுவும் டங்ஸ்டன் கலர்ல. "நீதான்டா மெக்கானிக்கல் படிக்கிற, நாலு வருஷமா என்னத்தப் படிச்சேன்னு இப்பச் சொல்லு பாப்போம்"னு பெரியப்பா என் பக்கம் திரும்பிட்டார். அப்போ முழிச்சேன். இப்போ பதில் இருக்கு: ரெண்டும் வேண்டாம்.

பழைய துப்பாக்கி மேல இருக்கிற அந்தக் கருநீலம் பெயின்ட் இல்ல. இரும்பையே கொஞ்சம் ஆக்சைடா மாத்தி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். மேக்னடைட், Fe₃O₄. நம்ம திட்டுற சிவப்புத் துருவோட நல்ல தம்பின்னு வச்சுக்கலாம். கனம் சுமார் ஒரு மைக்ரான். தலைமுடி ஒண்ணு அதைப்போல பல பத்து மடங்கு தடிமன். இவ்வளவு மெல்லிசு எப்படித் துருவைத் தடுக்கும்னா, உண்மையில தடுக்காது. அதுல நுண்ணிய துளைகள் இருக்கு, அந்தத் துளைகள் எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்கும். காப்பாத்துறது எண்ணெய்தான், நீலம் அதைத் தாங்குற துணி. எங்க வீட்டுல துணி கிழியல, எண்ணெய் காஞ்சு போச்சு.

இங்கதான் 'அதிக நாள் உழைக்கிற ஃபினிஷ் எது'ங்கற கேள்வியே தப்பாப் போகுது. எதுக்கு எதிரா உழைக்கணும்? இந்தக் கோட்டிங் கம்பெனிகள் சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்டித்தான் விக்கிறாங்க. அஞ்சு சதவீத உப்புத் தண்ணியை 35 டிகிரியில பெட்டிக்குள்ள இடைவிடாம மூடுபனியாத் தெளிப்பாங்க. அதுல செராகோட் மாதிரி பூச்சு ஜெயிக்கும், நீலம் சில மணி நேரத்துல தோத்துடும். ஒத்துக்கறேன். ஆனா தல்லாகுளத்துல பீரோவுக்குள்ள யாரு உப்புப் பனி தெளிக்கிறா? கடல் பக்கத்துல இல்ல, வருஷத்துல பாதி நாள் காத்து வறண்டு கிடக்கு. இந்த ரிவால்வருக்கு எதிரி மூணே மூணு: வேர்வைக் கை, தோல் உறை, எங்க சோம்பேறித்தனம்.

வியர்வையில ஊறுற இடுப்புல தினம் சுமக்குற போலீஸ்காரர் துப்பாக்கின்னா என் பதில் வேற. க்ளாக் மாதிரி புதுத் துப்பாக்கிகள்ல ஸ்லைடை ஃபேக்டரியிலேயே நைட்ரைடிங் பண்ணித் தர்றாங்க. நைட்ரஜன் இரும்புக்குள்ளேயே போய் கடினமாயிடும், உரியறதுக்குத் தனியாத் தோல் எதுவும் இல்ல. அருமையான விஷயம். ஆனா அதுக்கு 550 டிகிரிக்கு மேல சூடு வேணும். அந்தச் சூட்டுக்குன்னு டிசைன் பண்ணின ஸ்டீல் தாங்கும். தாத்தா காலத்து ஸ்டீலை எவ்வளவு டெம்பர் பண்ணியிருக்காங்கன்னே தெரியாம அதுல போட்டா, வெளியே கல்லாவும் உள்ளே வெண்ணெயாவும் திரும்பி வரலாம்.

நிக்கலும் செராகோட்டும் அப்படிச் சுடாது. அதுங்க பண்ற சேதாரம் முன்னாடியே நடந்துடும். செராகோட்டுக்கு முன்னாடி மேற்பரப்பை அலுமினியம் ஆக்சைடு மணலால அடிச்சுச் சொரசொரப்பாக்கணும், அப்பதான் ஒட்டும். முலாமுக்கு முன்னாடி பஃப் பண்ணி, அமிலத்துல முக்கணும். ரெண்டுலயும் முதல்ல அடி வாங்குறது எழுத்துதான். பர்மிங்காம் முத்திரை, ப்ரூஃப் குறி, நம்பர் எல்லாம் மழுங்கும், கூர் முனைகள் சோப்பு மாதிரி வழவழன்னு ஆயிடும். அப்புறம் மேல 10, 20 மைக்ரான் ஏறும். உருளைக்கும் குழலுக்கும் நடுவுல விட்ட இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல சின்னப் பங்கு, அங்க ரெண்டு பக்கமும் ஏறினா கணக்கு மாறிடும். அமிலத்துலயும் முலாம் தொட்டியிலயும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்தா ஸ்ப்ரிங் நொறுங்கும், அதுக்குத் தனியா பேக்கிங் பண்ணணும். செமஸ்டர்ல ரெண்டு மார்க் கேள்வியா 'ஹைட்ரஜன் எம்ப்ரிட்டில்மென்ட்'னு எழுதிட்டுப் போனது, இப்படி வீட்டுக்குள்ள வந்து நிக்கும்னு நினைக்கல.

அந்த நம்பர் விஷயம் வெறும் அழகுக்கு இல்ல. 1959 ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில இருக்கிற பேர், நம்பர், அடையாளக் குறியை அழிக்கவோ மாத்தவோ கூடாதுங்குது. பஃபிங் சக்கரத்துக்கு அது தெரியாது. 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைத் தொழிலா ரிப்பேர் பண்றதுக்கே லைசென்ஸ் வேணும். அண்ணன் சொன்ன மாதிரி பைக் சைலன்சருக்கு குரோம் போடுற தெரிஞ்ச கடையில குடுத்து வாங்குறதுங்கற பேச்சுக்கே இடமில்ல. அதை யூட்யூப் பாத்து மொட்டை மாடியில ட்ரை பண்றதுக்கும் இல்ல.

இதெல்லாம் கணக்கு. கணக்குக்கு வெளியேயும் ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல தமுக்கம் அரண்மனை, 1959ல இருந்து அது காந்தி மியூசியம். சுடப்பட்ட அன்னைக்கு காந்தி உடுத்தியிருந்த துணி, ரத்தக் கறையோட கண்ணாடிக்குள்ள இருக்கு. துப்பாக்கிக்கு காந்தி மியூசியத்தை உதாரணம் சொல்றது வில்லங்கம்தான், தெரியுது. ஆனாலும் சின்ன வயசுல இருந்து ஸ்கூல்ல கூட்டிட்டுப் போன ஒவ்வொரு தடவையும் அந்தத் துணியைத்தான் ரொம்ப நேரம் பாத்திருக்கேன். அதை யாராவது வெளுத்து, கஞ்சி போட்டு வச்சிருந்தா அது வெறும் வேட்டி. எங்க ரிவால்வர்ல குழல் முனையில நீலம் போய் வெள்ளையாத் தெரியுற இடம், தாத்தா உறையில போட்டு எடுத்துப் போட்டு எடுத்துத் தேய்ஞ்சது. அவர் என் அப்பாவுக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே போயிட்டார். அவர் கை பட்ட தேய்மானம்னு எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். பெரியப்பா நிக்கல் போடணும்னு சொல்றது அதுக்கு மேல.

நீலம் முழுசாப் போய், இரும்பு குழி விழுந்திருந்தா நானும் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். அப்பவும் பழைய முறை இருக்கு: கட்டுப்பாடா மெல்லத் துருப்பிடிக்க விட்டு, கொதிக்கிற தண்ணியில போட்டு அந்தச் சிவப்பைக் கருப்பா மாத்தி, உதிருறதைத் துடைச்சு, திரும்பத் திரும்பப் பல தடவை. நாள் கணக்கா ஆகும், அதனாலேயே கடைக்காரங்க வேண்டாம்பாங்க. நம்ம ஊர்ல நிறைய பேர் வச்சிருக்கிற ரெட்டைக் குழல் துப்பாக்கிக்கு இன்னும் முக்கியம். அதுல ரெண்டு குழலையும் ஈயப் பற்று வச்சு ஒட்டியிருப்பாங்க. 140 டிகிரி காஸ்டிக் தொட்டியில முக்குற வேகமான நீலம் அந்தப் பற்றைக் கரைச்சிடும்.

எங்களுக்கு அதுவும் தேவைப்படல. லைசென்ஸ் புத்தகத்தோட, லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர்கிட்ட பெரியப்பாவே எடுத்துட்டுப் போனார், நானும் கூடப் போனேன். எண்ணெய் விட்டு, ரொம்ப நைஸான ஸ்டீல் உல் வச்சு மெதுவாத் தேய்ச்சார். சிவப்பு போச்சு, நீலம் பெரும்பாலும் நின்னுச்சு, நாலஞ்சு புள்ளி மட்டும் சாம்பலாத் தங்கிடுச்சு. பெரியப்பா வழி முழுக்க "நிக்கல்னா இந்தப் புள்ளி தெரியாதுல்ல"ன்னு முணுமுணுத்துட்டே வந்தார். இன்னும் முழுசா ஒத்துக்கல.

இப்போ அது எண்ணெய் தடவின பருத்தித் துணியில பீரோவுக்குள்ள பூட்டிக் கிடக்கு. உறை தனியா ஆணியில தொங்குது. மாசம் ஒரு தடவை பெரியப்பா துடைக்கணும்னு என் போன்ல ரிமைண்டர், அடிச்சதும் நான் அவருக்குக் கூப்பிடுவேன். அண்ணன் செராகோட்டைத் தன் புல்லட் சைலன்சருக்கு அடிச்சுக்கப் போறாராம். அதுக்கு நான் ஓகே சொல்லிட்டேன்.